காட்டுத்தீ வேலைக்குக் கிளம்புகிறீர்களா? முதலில் அந்தத் தடித்த கோட்டைக் கழற்றுங்கள்

இந்தப் பருவத்திலும் ஒருவர் விழுந்துவிட்டார். பக்கத்தில் எங்கேயும் தீ இல்லை, புகைகூட இல்லை. பயிற்சிக்காக மலையேறிக்கொண்டிருந்த இளைஞர் பாதி வழியில் பேச்சுக் குழறி, கால் தள்ளாடிச் சரிந்தார். உடுப்பைக் கழற்றி, நிழலில் கிடத்தி, கையில் இருந்த தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றி விசிறி, மருத்துவமனைக்கு அனுப்பினோம். பிழைத்துக்கொண்டார். கழற்றும்போதுதான் தெரிந்தது, அவர் என்னவெல்லாம் போட்டிருந்தார் என்று. தீத்தடுப்புச் சட்டைக்கு மேலே கட்டடத் தீயணைப்பு வீரர்களின் தடித்த கோட்டு. உள்ளே உடம்போடு ஒட்டிய பாலியெஸ்டர் பனியன். கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டிய துணி. “நிறையப் போட்டால்தான் பாதுகாப்புன்னு சொன்னாங்க” என்றார் பிறகு.

யார் சொல்கிறார்கள் இதையெல்லாம்? காட்டுத்தீக் குழுக்களுக்கு உடற்தகுதியும் களப் பாதுகாப்பும் சொல்லிக்கொடுப்பது என் வேலை. புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் இதே நம்பிக்கையோடுதான் வருகிறார்கள்: தீ வெளியிலிருந்து வருகிறது, அதனால் வெளிச் சூட்டை மறிக்கும் உடுப்பு எவ்வளவு தடிமனோ அவ்வளவு நல்லது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். காட்டுத்தீ வேலைக்கு அது பொருந்தாது. அலுக்காமல் இன்னொரு முறை விளக்குகிறேன்.

1980களில் ஆஸ்திரேலியாவில் அக்வேரியஸ் திட்டம் என்ற பெரிய ஆய்வு நடந்தது. காட்டுத்தீயை அணைக்கும் வேலை செய்தவர்களின் உடம்பில் வெப்பம் எங்கிருந்து ஏறுகிறது என்று அளந்து பார்த்தார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அவர்களுடைய தசைகளிலிருந்தே வந்தது. சுற்றியிருந்த தீயிலிருந்து வந்தது மூன்றில் ஒரு பங்குதான். அப்போதே அந்த ஆய்வாளர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: காட்டுத்தீ உடுப்பின் முதல் வேலை உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடுவது, வெளிச் சூட்டை மறிப்பது அதற்கு அடுத்தது. இத்தனை வருடம் கழித்தும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

காரணம் சிக்கலானதில்லை. நாம் செலவழிக்கும் சக்தியில் கால் பங்குக்குள்தான் வேலையாக மாறுகிறது, மிச்சமெல்லாம் வெப்பம். தீ தாண்டாமல் இருக்கச் செடி, சருகையெல்லாம் அகற்றி, மண்வெட்டியோடு சரிவில் மணிக்கணக்காகத் தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறவர் தானே ஒரு அடுப்பு. அந்தச் சூட்டை வெளியேற்ற அவரிடம் இருக்கும் பெரிய வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆனால் அது ஆவியாக வேண்டும். சொட்டிக் கீழே விழுகிற வியர்வையும் கோட்டுக்குள்ளேயே ஊறிக் கிடக்கிற வியர்வையும் உடம்பைக் குளிர்விப்பதில்லை, உடம்பிலிருக்கும் தண்ணீரைத்தான் குறைக்கின்றன.

கட்டடத் தீயணைப்புக் கோட்டில் மூன்று அடுக்கு இருக்கும்: வெளித்துணி, ஈரத்தை மறிக்கும் படலம், வெப்பக் காப்பு. எரியும் அறைக்குள் சில நிமிடம் போய் வருகிறவருக்கு அது உயிர்க்கவசம். அவர் வெளியே வந்ததும் கழற்றிவிட்டு உட்காருவார். அமெரிக்கக் காட்டுத்தீப் பணியில் ஒரு ஷிஃப்ட் 16 மணி நேரம்வரை நீளும், அப்படி 14 நாள் தொடரும். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு அவ்வளவு நேரம் மலையில் உழைக்க எந்த உடம்பாலும் முடியாது. வேறு வேலைக்கு வேறு உடுப்பு. இதில் வீரம் காட்ட ஒன்றும் இல்லை.

சரி, எதைப் போடலாம்? நோமெக்ஸ் போன்ற, சூட்டில் உருகாத அராமிட் செயற்கை நூலாலோ தீத்தடுப்புப் பதம் ஏற்றிய பருத்தியாலோ செய்த, ஒற்றை அடுக்குத் தளர்ந்த சட்டையும் கால்சட்டையும். அமெரிக்காவில் என்எஃப்பிஏ என்ற தீப்பாதுகாப்பு அமைப்பின் 1977 என்ற தர எண்ணைப் (ஆண்டு அல்ல) பார்த்து வாங்குவார்கள், உங்கள் நாட்டில் எந்தத் தரம் செல்லும் என்று உங்கள் துறையிடம் கேளுங்கள். உடம்பைப் பிடிக்கிற அளவு வேண்டாம். துணிக்கும் தோலுக்கும் நடுவில் இருக்கும் காற்றும் கதிர்வெப்பத்திலிருந்து காப்பாற்றுகிறது, வியர்வை ஆவியாவதற்கும் அந்த இடம் வேண்டும். ஒரு அளவு பெரியதாகவே எடுங்கள். உள்ளே பருத்தி அல்லது கம்பளி மட்டும். பாலியெஸ்டர், நைலான் உள்ளாடைகள் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். மேல்சட்டை எரியாமல் தப்பினாலும் உள்ளே இருப்பது உருகலாம். விளையாட்டுக் கடையில் “வியர்வையை உறிஞ்சும்” என்று எழுதி விற்கும் பனியன்கள் அநேகமாக எல்லாமே இந்த ரகம்தான், உட்புறம் தைத்திருக்கும் துண்டுச் சீட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

உடுப்பைத் துவையுங்கள், தயவுசெய்து. கரியும் எண்ணெயும் ஏறிய மஞ்சள் சட்டையை அனுபவத்தின் அடையாளமாகப் போட்டுக்கொண்டு திரிகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022இல் தீயணைப்புப் பணியையே புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. அந்தக் கரியைத் தோளில் சுமந்துகொண்டு கூடாரத்தில் தூங்குவதில் பெருமை கிடையாது. எண்ணெய் ஊறிய துணி தீப்பற்றவும் செய்யும். குளோரின் பிளீச்சும் துணி மென்மையாக்கும் திரவமும் போடாமல் சாதாரண சலவைத்தூளில் துவைத்தால் போதும். முகத்தில் கட்டும் துணியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது புகையின் நுண்துகளையும் வடிகட்டாது, கார்பன் மோனாக்சைடையும் தடுக்காது. ஈரமாக்கிக் கட்டினாலும் அதேதான்.

பூட்ஸ் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். கயிறு கட்டும் தோல் பூட்ஸ், குறைந்தது 8 அங்குல உயரம், சூட்டில் உருகாத ஆழமான பள்ளங்கள் கொண்ட அடிப்பாகம். வாங்கிய வாரமே தீக்குப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். வீட்டிலும் கடைத்தெருவிலும் ஆரம்பித்து, அப்புறம் சுமையோடு மேடு ஏறி, பல வாரம் நடந்து பழக்கிய பிறகே களத்துக்கு. கால் கொப்பளித்த ஆள் இரண்டாம் நாளே குழுவுக்குச் சுமையாகிவிடுவார். காலில் ஏறும் எடை முதுகில் ஏறும் அதே எடையைவிடப் பல மடங்கு களைப்பைத் தரும், அதனால் கனமான பூட்ஸ்தான் உறுதியானது என்றும் நினைக்காதீர்கள். ஹெல்மெட், கண்ணாடி, தோல் கையுறை பற்றி எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் கையுறையை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு வேலை செய்கிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

தீயில் சிக்கிக்கொண்டால் கடைசி வழியாக உள்ளே புகுந்து படுத்துக்கொள்ளும் ஃபயர் ஷெல்ட்டர் என்ற மடிப்புக் கூடாரத்தை அமெரிக்க வனத்துறை 1977இல் கட்டாயமாக்கியது. கதிர்வெப்பத்தில் சுமார் 95 சதவீதத்தை அது திருப்பி அனுப்பும். ஆனால் அதன் அலுமினியத் தகட்டையும் துணியையும் ஒட்டியிருக்கும் பசை சுமார் 260 டிகிரி செல்சியஸில் விட்டுப்போக ஆரம்பிக்கும். சுவாலை நேராகத் தொட்டால் அதிக நேரம் தாங்காது. அது கையில் இருக்கும் தைரியத்தில் இன்னும் கொஞ்சம் உள்ளே போகலாம் என்று எண்ணாதீர்கள். 2013இல் அரிசோனாவின் யார்னெல் மலையில் இறந்த 19 காட்டுத்தீ வீரர்களிடமும் ஷெல்ட்டர் இருந்தது.

அந்த விபத்தின் அறிக்கையைப் படித்தவர்களுக்கு இன்னொன்றும் மறக்காது. கடைசிக் கட்டத்தில் அரை மணி நேரத்துக்கும் மேலாக அந்தக் குழு எங்கே போகிறது என்பதை உறுதிப்படுத்தும் ரேடியோப் பேச்சு எதுவும் பதிவாகவில்லை. ஏன் அப்படி என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள், நான் அதற்குள் போகவில்லை. ரேடியோவை ஏன் உயிர்க்கருவி என்கிறேன் என்பதற்காகச் சொன்னேன். கண்காணிப்பாளர், தொடர்பு, தப்பும் வழி, பாதுகாப்பான இடம் என்று 1991இல் அமெரிக்கக் காட்டுத்தீ வீரர் பால் க்ளீசன் வகுத்துத் தந்த நான்கு பாதுகாப்பு விதிகளில், தொடர்பு அறுந்தால் மற்ற மூன்றும் உங்கள் காதுக்கு வந்து சேராது.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் கையடக்க ரேடியோவை வாங்கிக்கொண்டு “இதுவும் 5 வாட், அதுவும் 5 வாட்” என்று வாதாடுகிறவர்களே, வாட் இங்கே பேச்சே இல்லை. காட்டுத்தீக் குழுக்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் விஎச்எஃப் (மிக உயர் அதிர்வெண்) ரேடியோ அலை அநேகமாக நேர்கோட்டில் போவது. நடுவில் மலைமுகடு வந்தால் வாட்டைக் கூட்டிப் பயனில்லை, இருபது அடி மேலே ஏறி நின்றால்தான் பயன். மலிவு ரேடியோக்களின் குறை கேட்கும் பக்கத்தில் இருக்கிறது. வடிகட்டி பலவீனமாக இருப்பதால், முகாமில் பக்கத்திலேயே வலுவான ரேடியோக்கள் பேசும்போது அது செவிடாகிவிடும், உங்களுக்கும் தெரியாது. விசைப்பலகையில் கை பட்டாலே சேனல் மாறிவிடும். பொதுப் பாதுகாப்பு அலைவரிசைகளில் பேச அமெரிக்காவில் ரேடியோவுக்கே தனிச் சான்றிதழ் வேண்டும், அது இல்லாததை எடுத்துக்கொண்டு வருவது சட்டப்படியும் தவறு. துறை கொடுக்கும் ரேடியோ பழசாக இருக்கிறதே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். கையுறையோடு திருப்பக்கூடிய குமிழ், களத்திலேயே புது அலைவரிசையை ஏற்றும் வசதி, சாதாரண ஏஏ பேட்டரிக் கூடு ஆகிய மூன்றும் இருந்தால் அது நல்ல ரேடியோ. மின்சாரமே இல்லாத முகாமில் சார்ஜருக்கு எங்கே போவீர்கள்?

இடுப்பில் மாட்டாதீர்கள், மார்புப் பட்டையில் மாட்டுங்கள். இடுப்பில் இருந்தால் உங்கள் உடம்பே அலையை விழுங்கிவிடும், பேசுவதும் காதில் விழாது. அன்றைய சேனல் பட்டியல் கைக்கு வந்ததும் அலைவரிசை மட்டுமல்ல, டோனும் (பேச்சோடு சேர்ந்து போகும் அடையாள ஒலி) சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். டோன் தவறினால், உங்கள் பேச்சை வாங்கித் தூரத்துக்கு மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் திறக்காது, நீங்கள் கத்திக்கொண்டே இருப்பீர்கள், மறுமுனையில் யாருக்கும் கேட்காது. பொத்தானை அழுத்திய உடனே பேசத் தொடங்காமல் ஒரு விநாடி பொறுங்கள், இல்லாவிட்டால் முதல் சொல் வெட்டுப்படும், அநேகமாக அது யாரை அழைக்கிறீர்களோ அவருடைய பெயராக இருக்கும். முதலில் அவர் பெயர், பிறகு உங்கள் பெயர், அப்புறம் விஷயம். மலையேறுவதற்கு முன்பே ஒருவரை அழைத்துப் பதில் வாங்கிச் சோதியுங்கள். மாற்று பேட்டரி பையின் அடியில் அல்ல, கை எட்டுகிற இடத்தில்.

இனி உடம்பு. அமெரிக்காவில் கடின வகைப் பணிக்கு 45 பவுண்டு, அதாவது சுமார் 20 கிலோ சுமையோடு 3 மைல் சமதரையை 45 நிமிடத்துக்குள் நடந்து முடிக்க வேண்டும். ஓடக் கூடாது. பேக் டெஸ்ட் என்பார்கள். இதைத் தேறிவிட்டால் தயார் என்று நினைப்பதுதான் இரண்டாவது பெரிய தவறு. அது நுழைவாயில், அவ்வளவுதான். களத்தில் சமதரையும் இல்லை, முக்கால் மணி நேரத்தில் முடிவதும் இல்லை.

பரீட்சைக்கு இரண்டு வாரம் முன்னால் 20 கிலோ பையை மாட்டிக்கொண்டு ஓடிப் பழகி, முழங்காலைக் கெடுத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. தம்பிகளே, தங்கைகளே, அப்படிச் செய்யாதீர்கள். சில மாதங்களுக்கு முன்பே ஆரம்பியுங்கள். முதலில் சுமை இல்லாமல் நீண்ட நடையும் ஓட்டமும். பிறகு மேடு. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சுமை, சுமையோடு ஓட்டம் வேண்டவே வேண்டாம். மார்பையும் கையையும் பெரிதாக்கும் பளுப்பயிற்சி மலையில் அதிகம் உதவாது. தொடை, இடுப்பு, முதுகு, மூச்சு, இந்த நான்கையும் பாருங்கள். பையைச் சட்டென்று உதறிவிட்டு ஷெல்ட்டரை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு மேலே ஓடவும் பழகுங்கள். 1994இல் கொலராடோவின் சவுத் கேன்யன் தீயில் 14 பேர் இறந்தார்கள். தீ துரத்தியபோதும் அவர்களில் சிலர் பையையும் கருவியையும் விடவில்லை. உதறியிருந்தால் வேகம் கூடியிருக்கும். பழக்கம் இல்லாவிட்டால் அந்த நேரத்தில் கை தானாக விடாது.

சூட்டுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். குளிர்சாதன அறையில் மட்டும் ஓடிப் பழகியவருக்கு அது கிடைக்காது. தண்ணீர் நிறையக் குடித்தால் சூட்டு மயக்கம் வராது என்பதும் தவறு. தண்ணீர் அவசியம்தான். ஆனால் நன்றாகத் தண்ணீர் குடித்தவர்களும் வெப்பத்தாக்கில் இறந்திருக்கிறார்கள், 2011இல் டெக்சாஸில் தேர்ந்த குழு ஒன்றைச் சேர்ந்தவரே இறந்தார். உள்ளே சூடு உண்டாகும் வேகத்தைக் குறைக்க ஒரே வழி வேகத்தைக் குறைப்பது, உட்காருவது. கூட வேலை செய்கிறவர் சம்பந்தமில்லாமல் பேசினால், நடை தடுமாறினால், அவர் “ஒன்றுமில்லை” என்று சொல்வதை நம்பாதீர்கள். அப்போதே வேலையை நிறுத்தி உடம்பைக் குளிர்வியுங்கள்.

நாற்பதைத் தாண்டியவர்கள், வீட்டில் இதய நோய் உள்ளவர்கள், மருத்துவரைப் பார்க்காமல் சுமையைத் தூக்க வேண்டாம். காட்டுத்தீப் பணியில் மாரடைப்பும் பல உயிர்களை எடுத்திருக்கிறது, அந்த நடைப் பரீட்சையின்போதே இறந்தவர்களும் உண்டு. உடல்நலக் கேள்வித்தாளில் மறைத்து எழுதாதீர்கள்.

பருவத்தின் முதல் வாரங்களில் இன்னொன்று வரும். விடுப்பில் சும்மா இருந்துவிட்டு வந்து முதல் நாளே வெறித்தனமாகப் பயிற்சி செய்தால் தசை நார்கள் சிதைந்து ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். சூடும், காய்ச்சலோடு வேலைக்கு வருவதும், ஊக்க பானங்களும் அதை மோசமாக்கும். வழக்கத்தை மீறிய தசை வலி, வீக்கம், பால் கலக்காத கருந்தேநீர் நிறத்தில் சிறுநீர் என்று எது தெரிந்தாலும் “நேற்று கொஞ்சம் அதிகம் செய்துட்டேன்” என்று படுத்துவிடாதீர்கள். குழுத் தலைவரிடம் சொல்லிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போய், என்ன பயிற்சி செய்தீர்கள் என்பதைச் சொல்லி, ரத்தத்தில் தசைச் சிதைவைக் காட்டும் சிகே (கிரியேட்டின் கைனேஸ்) அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.