நார்மல் ரிப்போர்ட்டும் ஃபைலில் ஏறும் பெயரும்

மாதக்கணக்கில் உடம்பு வலி, களைப்பு, தூங்கி எழுந்தாலும் தூங்காத மாதிரி இருக்கிறது என்று வருகிறவர்களின் ஃபைலைப் புரட்டினால் பெரும்பாலும் ஒரே கதைதான். ரத்த டெஸ்ட் நார்மல், தைராய்டு நார்மல், ஸ்கேன் நார்மல், கடைசிப் பக்கத்தில் ‘ஸ்ட்ரெஸ்’. அது ஏறிவிட்டால் அடுத்து பார்க்கிற டாக்டர் முன்பக்கங்களைப் படிப்பதே அரிது. பொது மருத்துவராக இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

ரிப்போர்ட் நார்மல் என்றால், நாங்கள் சந்தேகப்பட்ட நோய்கள் அந்த டெஸ்ட்டில் தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் நோயாளி அறையைவிட்டு வெளியே வருவதற்குள் அது ‘ஒன்றுமில்லை’ ஆகிவிடுகிறது, வீடு போய்ச் சேர்வதற்குள் ‘சும்மா சொல்கிறாள்’ ஆகிவிடுகிறது. இத்தனைக்கும் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு இன்னதுதான் காரணம் என்று எங்களால் சொல்ல முடியாது. அதை யாராவது பொய் என்கிறார்களா? கருவியில் ஓர் எண் வருகிறதே!

பெயர் என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு ஒரு நோயின் வரலாறே போதும். 1955-ல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் 200-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் தசைவலி, தளர்ச்சி, நரம்புக் கோளாறு என்று அடுத்தடுத்துப் படுத்தார்கள். மறு ஆண்டே மயால்ஜிக் என்செஃபலோமைலிடிஸ் என்று பெயர் வந்தது, தசைவலியோடு கூடிய மூளை, தண்டுவட அழற்சி என்ற பொருளில். 1970-ல் இரண்டு மனநல மருத்துவர்கள், நோயாளிகளை நேரில் பார்க்காமல் பழைய பதிவுகளை மட்டும் வைத்துக்கொண்டு, அதைக் கூட்டு ஹிஸ்டீரியா என்றார்கள், அதாவது உடம்பில் நோயில்லை, மனப் பதற்றம்தான் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவியது என்று. பாதிக்கப்பட்டவர்களில் பெண்கள் அதிகம் என்பது அவர்கள் காட்டிய காரணங்களில் ஒன்று. 1988-ல் அமெரிக்காவில், எப்ஸ்டீன்-பார் வைரஸ்தான் காரணம் என்பதற்கு ஆதாரம் போதாததால், அதன் பெயரால் அழைத்து வந்ததை விட்டுவிட்டு க்ரானிக் ஃபடீக் சிண்ட்ரோம், அதாவது நாள்பட்ட களைப்பு நோய், என்று வைத்தார்கள். நேர்மையான முடிவுதான். ஆனால் களைப்பு யாருக்குத்தான் இல்லை?

அந்தப் பெயர் மறைத்தது நோயின் முக்கியமான அடையாளத்தையே. என்னிடம் வரும் ஒரு பெண்மணி ஸ்டூலில் உட்கார்ந்துதான் தலைக்குக் குளிப்பார். அன்றைக்கு நன்றாகவே இருப்பார். மறுநாள் மாலையில் தொண்டை வலிக்க ஆரம்பிக்கும், அப்புறம் இரண்டு மூன்று நாள் ஜன்னல் வெளிச்சம் கூசும், செல்போனைக் காதருகே பிடித்திருக்கக் கை ஒத்துழைக்காது, பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் நழுவிவிடும். உழைப்புக்குப் பின், பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்து, உடம்பு இப்படிச் சரிவதுதான் இந்த நோயின் முத்திரை. களைப்பு என்றே கேட்டுப் பழகிய காது இதைக் கேட்பதில்லை. கேட்காததால் ‘தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உடற்பயிற்சியைக் கூட்டுங்கள்’ என்று வருடக்கணக்கில் சொன்னோம், பலர் அதனாலேயே மோசமானார்கள். சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021-ல்தான் அந்தப் பரிந்துரையைக் கைவிட்டது.

உடம்பெங்கும் வலி நீடிக்கும் ஃபைப்ரோமயால்ஜியாவில் தகராறு வேறு மாதிரி. 1990-ன் அளவுகோல்படி உடம்பில் 18 புள்ளிகளை அழுத்திப் பார்த்து 11-ல் வலித்தால்தான் கணக்கில் சேரும். பத்து என்றால்? 2010-ல் புள்ளி எண்ணுவதை விட்டுவிட்டார்கள், ஆனாலும் இன்னும் அமுக்கி எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம் ‘ஃபங்ஷனல்’. உறுப்பின் அமைப்பில் சேதம் தெரியவில்லை, இயக்கத்தில் கோளாறு என்பதைத்தான் டாக்டர் சொல்கிறார். நோயாளி காதில் ‘நடிக்கிறாய்’ என்று விழுகிறது, சில டாக்டர்கள் உள்ளுக்குள் நினைப்பதும் அதுதான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எடின்பரோ நரம்பியல் மருத்துவர்கள் 2002-ல் ஓர் ஆய்வு செய்தார்கள்: எத்தனை பேரிடம் ஒரு சொல்லைச் சொன்னால் ஒருவர் புண்படுவார்? ‘மருத்துவத்தால் விளக்க முடியாதது’ என்பதற்கு மூன்று, ‘ஃபங்ஷனல்’ என்பதற்கு ஒன்பது. எண் குறைந்தால் சூடு அதிகம் என்று பொருள். மென்மையானது என்று நாங்கள் நம்பிச் சொல்லும் ‘விளக்க முடியாதது’தான் ‘ஃபங்ஷனல்’ என்பதைவிட அதிகம் சுடுகிறது.

சரி, நோயாளி என்ன செய்யலாம்? ஃபைலில் ‘களைப்பு’ என்று மட்டும் இருந்தால், என்ன வேலைக்குப் பிறகு, எத்தனை மணி நேரம் கழித்து, எத்தனை நாள் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பெயர் சொன்னால், ‘இது காரணத்தைச் சொல்கிறதா, அறிகுறியை மட்டும் சொல்கிறதா?’ என்று கேளுங்கள். டாக்டருக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை. எடை குறைவது, விடாத காய்ச்சல், ரத்தப்போக்கு, ஒரு பக்கம் மரத்துப்போவது என்று புதிதாக ஏதாவது வந்தால், அதையும் பழைய பெயரின் கணக்கில் எழுத விடாதீர்கள், மறுபடி பரிசோதிக்கச் சொல்லுங்கள். ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவருக்குப் புற்றுநோயும் வரலாம், தைராய்டும் வரலாம்.