தினம் ஒரு சிட்டிகை தீனி போதாது

நேற்றும் ஒன்று வந்தது, பாலித்தீன் பையில், செத்துப்போன ஆந்தியாஸ், கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கும் சின்ன வண்ண மீன். இந்த மாதத்தில் இது நான்காவது. "என்ன நோய் டாக்டர்? மருந்தெல்லாம் ஊற்றிப் பார்த்தோம்" என்றார்கள். கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது: வயிறு ஒட்டி, தலைக்குப் பின்னால் முதுகுச் சதை வற்றிப்போயிருந்தது. அறுத்துப் பார்த்தால் குடலில் ஒன்றுமே இல்லை. பட்டினி.

"தினமும் காலையில் ஒரு சிட்டிகை போடுகிறோமே" என்று கோபப்படுகிறார்கள். அங்கேதான் தவறே. இந்த மீன் பவளப்பாறை விளிம்பில் நீரோட்டத்தை எதிர்த்துக் கூட்டமாக நின்று, தண்ணீர் அடித்துக்கொண்டு வரும் மிதவை உயிரிகளைப் பகல் முழுக்க ஒவ்வொன்றாகக் கொத்திக்கொண்டே இருக்கும். நாள் முழுக்க நீந்துகிற செலவு, அதற்கு நாள் முழுக்க வரவு. தொட்டிக்கு வந்தபிறகும் அந்த ஓட்டம் நிற்பதில்லை, வரவு மட்டும் ஒரு சிட்டிகையாகிவிடுகிறது. உடம்பில் இருப்பு தீரும்வரை துறுதுறுவென்றுதான் திரியும், தீனியையும் பாய்ந்து பிடிக்கும். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாந்துபோகிறார்கள்.

சரி, ஒரே வேளையில் அள்ளிப் போட்டால்? வேண்டாம். மிதந்து வருவதைத்தான் இது பிடிக்கும், அடியில் விழுந்ததை அவ்வளவாகத் தேடிப்போகாது. மிச்சம் அழுகி அம்மோனியா ஏறும். மைசிஸ், ஆர்ட்டீமியா, கோப்பிபாட் என்று உறைய வைத்து விற்கும் குட்டி இறால் போன்ற உயிரிகள் எதுவானாலும் கரைத்து, பம்பு தள்ளும் நீரோட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாக, நாளைக்குக் குறைந்தது மூன்று நான்கு தடவை விடுங்கள். பகலில் வீட்டில் ஆள் இல்லையா? தானாகத் தீனி போடும் கருவி வையுங்கள். அதுவும் முடியாதென்றால், தயவுசெய்து இந்த மீன் வேண்டாம். விற்பனைக்கு வருவதில் பெரும்பகுதி கடலில் பிடித்ததுதான்.

மெலிந்த மீனைக் கண்டதும் நோய் என்று நினைத்து, ஒட்டுண்ணிக்குப் போடும் செம்பு மருந்தை எடுக்காதீர்கள். இருக்கிற பசியும் போகும், தொட்டியில் பவளம் இருந்தால் அதுவும் சாகும்.

அப்புறம், அழகாக இருக்கிறதே என்று ஊதாச் சிவப்பில், முதுகில் நீண்ட முள்ளோடு இருப்பதையே மூன்று வாங்குகிறார்கள். அவை மூன்றும் ஆண்கள், ஒன்றையொன்று விரட்டியே சாகும். ஒரு ஆண், கூட ஆரஞ்சு நிறப் பெண்கள் சில, அதுதான் கணக்கு. அந்த ஆண் செத்தாலும் பதறவேண்டாம், பெண்களில் பெரியது சில வாரங்களில் ஆணாக மாறிவிடும்.

வாங்குமுன் உங்கள் எதிரிலேயே தீனி போடச் சொல்லுங்கள். பக்கவாட்டில் எல்லா மீனும் கொழுகொழுவென்றுதான் தெரியும், நேர் எதிரே நின்று முதுகின் தடிமனைப் பாருங்கள்.