ஒளிந்திருப்பவர் கற்பிக்கும் பாடம்: தேடுதல் நாய்கள் உருவாகும் விதம்

காணாமற்போன ஒருவரைத் தேடும் நாய், தரையில் மூக்கை வைத்து அவருடைய காலடித் தடத்தைப் பின்பற்றிச் செல்லும் என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அப்படித் தடம்பற்றிச் செல்லும் நாய்களும் உண்டு. ஆனால் அவற்றுக்கு அந்த மனிதர் கடைசியாக இருந்த இடம் தெரிய வேண்டும். அவருடைய வாடை படிந்த ஒரு துணியாவது கிடைக்க வேண்டும். தேடப் போனவர்கள் தடத்தை மிதித்துக் குழப்பாமலும் இருக்க வேண்டும். காட்டிலும் இடிபாடுகளிலும் தேடும் தன்னார்வக் குழுக்கள் பெரும்பாலும் பழக்குவது வேறொரு வகை நாயை. அது தலையை நிமிர்த்தி, காற்றில் மிதந்துவரும் மனித வாடையைப் பிடித்து, அந்த வாடை கிளம்பும் இடத்துக்குப் போய்ச் சேரும். யாரைத் தேடுகிறோம் என்பது அதற்குத் தெரிய வேண்டியதில்லை. ஒதுக்கப்பட்ட பரப்பில் எவர் இருந்தாலும் கண்டுபிடிப்பதே அதன் வேலை.

நம் உடலிலிருந்து நிமிடத்துக்குப் பல்லாயிரக்கணக்கான தோல் துணுக்குகள் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. அவற்றின் மீதும் வியர்வையிலும் வாழும் பாக்டீரியாக்கள் வெளியிடும் ஆவிப்பொருள்களும், மூச்சுக்காற்றும், தோலின் எண்ணெய்ப்பசையும் சேர்ந்ததுதான் மனித வாடை. உடல்வெப்பத்தால் சூடான காற்று எப்போதும் நம்மைச் சுற்றி மேலெழுவதால், அசையாமல் மயங்கிக் கிடப்பவரிடமிருந்தும் இந்த வாடை வெளியேறுகிறது. காற்று அதை ஏந்திச் செல்லும்போது, மனிதரை முனையாகக் கொண்டு விரிந்துசெல்லும் ஒரு கூம்பு உருவாகிறது. நாய் இந்தக் கூம்பின் ஓரத்தில் நுழைந்தவுடன் திரும்பும். வாடை நின்றுவிட்டால் மறுபக்கம் திரும்பும். இப்படி இருபுறமும் வெட்டி வெட்டி முன்னேறி, கூம்பு குறுகக் குறுகத் தன் வளைவுகளையும் குறுக்கிக்கொண்டு முனையை அடையும்.

இதைச் செய்யக்கூடிய மூக்கின் அமைப்பு வியக்கத்தக்கது. மனிதருக்குச் சுமார் 50 லட்சம் மோப்ப உணர்வுச் செல்கள் இருக்க, பெரிய நாயினங்களில் அவை 20 கோடிக்கும் மேல் இருக்கும் என மதிப்பிடப்பட்டுள்ளது. எண்ணிக்கையைவிட முக்கியமானது காற்று செல்லும் வழி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாய் முகரும்போது உள்ளிழுக்கும் காற்றில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு, மூச்சுக்கான பாதையிலிருந்து பிரிந்து, மூக்கின் பின்பகுதியில் உள்ள தனி மோப்ப அறைக்குள் செல்கிறது. நாய் நொடிக்குச் சுமார் 5 முறை முகர்கிறது. வெளிவிடும் மூச்சு நாசியின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியே வெளியேறுவதால், அடுத்து உள்ளே வரும் வாடை கலைவதில்லை.

ஆனால் நாய் தன் உடலைக் குளிர்விப்பதற்கான முதன்மையான வழி நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதே. கடுமையாக இரைத்துக்கொண்டிருக்கும் நாயால் சரியாக முகர முடியாது. ஆகவே வெயில் நேரத்தில் நாயை ஓய்வின்றி ஓடவிடுபவர், அதன் உடல்நலத்தோடு அதன் மூக்கையும் இழக்கிறார். நாய் நலமாக இருந்தால்தான் தேடல் நடக்கும் என்பதைப் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

பயிற்சி ஒரு விளையாட்டாகத் தொடங்குகிறது. குட்டி மிகவும் விரும்பும் பொம்மையை அதன் கண்முன்னே ஆட்டிக் காட்டிவிட்டு, குழுவில் ஒருவர் ஓடிச்சென்று ஒரு மரத்தின் பின்னால் மறைந்துகொள்வார். அவரிடமிருந்து நாயை நோக்கிக் காற்று வீசும்படி இடம் தேர்ந்தெடுக்கப்படும். அவிழ்த்துவிட்டதும் குட்டி ஓடிச்சென்று அவரைக் கண்டுபிடிக்கும். உடனே அவர் ஆரவாரத்தோடு பாராட்டிப் பொம்மையைக் கொடுத்து விளையாடுவார். பரிசு, நாயை வளர்ப்பவரிடமிருந்து அல்ல, ஒளிந்திருந்தவரிடமிருந்தே வர வேண்டும் என்பது இங்கே கவனிக்க வேண்டிய விதி. அறிமுகமில்லாத மனிதரைக் கண்டுபிடிப்பதே உலகின் மிகப் பெரிய மகிழ்ச்சி என்று நாய் நம்பத் தொடங்குவது இந்த ஒரு விதியால்தான். பிறகு, ஒளிபவர் ஓடுவதைப் பாதிவரை மட்டும் நாய் பார்க்கும். அதன்பின் பார்க்கவே பார்க்காது. கண்ணிலிருந்து மூக்குக்கு வேலை மாறுவது இப்படித்தான். தூரமும் காத்திருக்கும் நேரமும் வாரந்தோறும் கூடும். களத்துக்குத் தகுதிபெறப் பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

இந்த வேட்கை நாயின் இயல்பிலேயே இருக்கிறது என்பதற்கு ரிப் என்ற கலப்பின டெரியர் சான்று. 1940-இல் குண்டுவீச்சுக்குள்ளான லண்டனின் பாப்ளர் பகுதியில் அநாதையாகக் கிடைத்த அந்த நாய், எவ்விதப் பயிற்சியும் பெறாமலே இடிபாடுகளுக்குள் சிக்கியவர்களைத் தேடித் தேடிக் காட்டியது. 1945-இல் விலங்குகளின் வீரத்துக்கான டிக்கின் பதக்கம் அதற்கு வழங்கப்பட்டது. ஆனால் எல்லா நாய்களும் ரிப் ஆகிவிடுவதில்லை. இயல்பை நம்பத்தக்க பழக்கமாக மாற்றத்தான் குழு தேவைப்படுகிறது.

தனி ஒருவரால் தேடுதல் நாயை ஏன் உருவாக்க முடியாது என்று கேட்பவர்களுக்கு, நாய் எவ்வளவு விரைவாகக் குறுக்குவழி கற்கிறது என்பதே விடை. எப்போதும் ஒரே இருவர் ஒளிந்தால், மனித வாடையைத் தேடாமல் அந்த இருவரை மட்டும் தேடக் கற்கும். ஒளிபவர் நேர்வழியில் நடந்துபோனால், காற்றைக் கவனிக்காமல் அவருடைய தடத்தையே பிடித்துச் செல்லும். போன வாரம் கிடைத்த புதருக்கு இந்த வாரம் முதலில் ஓடும். ஆகவே முதியவர், இளைஞர், ஆண், பெண் எனப் பலரும் மாறிமாறி ஒளிய வேண்டும். சுற்றுவழியில் சென்று, வாடை பரவுவதற்காக அரைமணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும். சில சமயம் மரக்கிளையிலும் பள்ளத்திலும் இருக்க வேண்டும். மழையிலும் பூச்சிக்கடியிலும் அப்படிக் கிடப்பவரை யாரும் பாராட்டுவதில்லை. நாய் கற்கும் பாடம் முழுவதும் அவருடைய பொறுமையில்தான் இருக்கிறது என்பதால், குழுவின் மிக மதிப்புள்ள உறுப்பினர் அவரே என்பது என் உறுதியான எண்ணம்.

கண்டுபிடித்ததை நாய் தெரிவிக்கவும் வேண்டும். இடிபாடுகளில் தேடும் நாய் அங்கேயே நின்று தொடர்ந்து குரைக்கப் பழக்கப்படுகிறது. பரந்த காட்டில் சில நாய்கள் ஓடித் திரும்பிவந்து, தம்மை அழைத்துவந்து தேடலை நடத்தும் கையாள்பவரைத் தொட்டு, மீண்டும் அந்த மனிதரிடம் அழைத்துச் செல்கின்றன.

கையாள்பவரின் பயிற்சி நாயின் பயிற்சியைவிடக் கடினமானது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. போதைப்பொருளையும் வெடிபொருளையும் கண்டறியும் நாயும் அதைக் கையாள்பவரும் சேர்ந்த 18 இணைகளை அவர்கள் சோதித்தார்கள். அந்தக் கட்டடத்தில் தேட வேண்டிய பொருள் எதுவுமே வைக்கப்படவில்லை. ஆனால் சிவப்புத் தாள் ஒட்டிய இடங்களில் அது இருப்பதாகக் கையாள்பவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. விளைவாக, 200-க்கும் மேற்பட்ட தவறான அறிவிப்புகள் பதிவாயின. அவர்கள் நம்பிய இடங்களில் அவை அதிகமாக இருந்தன. மனிதர் நடையைத் தளர்த்துவதையும், ஓரிடத்தை உற்றுநோக்குவதையும் நாய் படித்துவிடக்கூடும். எனவே முதிர்ந்த குழுக்கள் ஒளிந்த இடத்தைக் கையாள்பவருக்குச் சொல்வதில்லை. உடன் வரும் மதிப்பீட்டாளருக்கும் சில வேளை சொல்வதில்லை. யாருமே ஒளியாத வெற்றுப் பரப்பிலும் தேடச் செய்வார்கள். ‘இங்கே யாரும் இல்லை’ என்று நேர்மையாகச் சொல்லும் நாய், தேடலை வேறு திசைக்குத் திருப்பி மணிக்கணக்கான நேரத்தை மிச்சப்படுத்துகிறது.

கையாள்பவர் கற்க வேண்டியது காற்றைப் படிப்பதும், நாயின் உடல்மொழியைப் படிப்பதும் ஆகும். சிறிது டால்கம் பவுடரைத் தூவினாலே காற்றின் போக்கு தெரிந்துவிடும். மலைச்சரிவில் பகல் வெயிலில் சூடான காற்று மேலேறும். இரவில் குளிர்ந்த காற்று ஓடைவழியாகக் கீழிறங்கும். அதனால் மனிதர் இருக்கும் இடத்துக்கு வெகு தொலைவில் ஒரு பள்ளத்தில் வாடை தேங்கி நிற்கலாம். அங்கே நாயின் வால் சட்டென உயர்ந்து, தலை ஒருபுறம் திரும்பி, பின் ஏமாற்றத்தோடு சுற்றிச்சுற்றி வரும். அதைப் பிழை என்று எண்ணி அழைத்துவிடாமல், இடத்தையும் காற்றுத் திசையையும் வரைபடத்தில் குறித்துக்கொள்பவர், அடுத்து எங்கே தேட வேண்டும் என்பதை அறிந்துகொள்கிறார்.

இடிபாடுகளில் கழுத்துப் பட்டை கம்பியில் சிக்கிக்கொள்ளக்கூடும் என்பதால் நாய் பெரும்பாலும் பட்டையின்றியே அனுப்பப்படுகிறது. அது ஓரிடத்தில் குரைத்தால், அந்த முடிவை அறியாத இரண்டாவது நாயைக் கொண்டுவந்து உறுதிசெய்த பின்னரே தோண்டத் தொடங்குவார்கள். அத்தகைய தேடல்கள் நாள்கணக்கில் நீண்டு, உயிரோடு எவரும் கிடைக்காமல் போவதுண்டு. பரிசே கிடைக்காத நாய் மெல்லச் சோர்ந்து, ஆர்வமின்றித் தேடத் தொடங்கும். 2001-இல் நியூயார்க்கில் உலக வர்த்தக மையம் இடிந்தபோதும் இதுவே நிகழ்ந்தது. அப்போது மீட்புப் பணியாளர்கள் தாமே ஓரிடத்தில் போய் ஒளிந்துகொண்டு, நாய்கள் தங்களைக் கண்டுபிடிக்கும்படி செய்தார்கள். குட்டிப்பருவத்தில் மரத்தின் பின்னால் நடந்த அதே விளையாட்டு, அதே ஆரவாரம், அதே பொம்மை. சிறிது நேரத்தில் நாய் மீண்டும் தேடப் புறப்பட்டுவிடும்.