நான்கு பேரரசர்கள், ஒரே ஆண்டு: அலெக்சாந்திரியக் காசில் தேதி படிப்பது எப்படி?

ரோமானியக் காசு ஒன்றுக்கு வயது சொல்வது பெரும்பாலும் சுற்றி வளைத்துச் செய்கிற வேலை. பேரரசர் எத்தனையாவது முறை கான்சல் (ரோமின் உயர்ந்த ஆட்சிப் பதவி) ஆனார், புதிதாக என்ன பட்டம் சேர்த்துக்கொண்டார் என்று பார்த்து, அதிலிருந்து கணக்குப் போட வேண்டும். கிழக்கு மாகாணங்களில் கிரேக்க எழுத்தோடு அடித்த ஊர்க்காசுகள் இன்னும் படுத்தும். பலவற்றில் பேரரசர் முகமும் ஊர்ப்பெயரும் ஏதோ ஒரு தெய்வமும்தான் இருக்கும். இந்தக் கூட்டத்தில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் அடித்த டெட்ராட்ராக்ம் (நான்கு திராக்மா மதிப்புள்ள) காசுகள் தனி ரகம். அவற்றில் ஆண்டை வெளிப்படையாகவே பொறித்துவிட்டார்கள்.

காசைத் திருப்பினால், பின்பக்கத்து உருவத்தின் அருகில் ஆங்கில 'எல்' போல ஒரு கோடு தெரியும். அது எழுத்தல்ல. பாப்பிரஸ் (நாணல் தாள்) ஆவணங்களில் ஆண்டுக்கு எழுத்தர்கள் போட்ட சுருக்கக் குறி. நம் பழைய பத்திரங்களில் ௵ போட்டதைப் போல. அதையடுத்து வரும் கிரேக்க எழுத்துதான் எண். ஆல்பா 1, பீட்டா 2, அயோட்டா 10. அயோட்டாவோடு டெல்டா சேர்ந்தால் 14. ஒன்பதாம் ஆண்டு வந்தால் மட்டும் பல சமயம் தீட்டாவை விட்டுவிட்டு 'ஒன்பதாவது' என்று முழுச் சொல்லாகவே எழுதுவார்கள். மரணத்துக்கான கிரேக்கச் சொல் தீட்டாவில் தொடங்குவதால் அதைத் தவிர்த்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம்.

சரி, எந்த ஆண்டு? பேரரசரின் ஆட்சியாண்டு. ஆனால் பதவிக்கு வந்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் எண்ணக் கூடாது. எகிப்தியப் புத்தாண்டு தோத் மாதம் முதல் நாள், அதாவது ஆகஸ்ட் 29 (லீப் ஆண்டுக்கு முந்தைய ஆண்டில் 30). பதவிக்கு வந்த நாள் முதல் அடுத்து வரும் அந்தப் புத்தாண்டுக்கு முந்தைய நாள் வரை முதலாம் ஆண்டு. அப்புறம் உடனே இரண்டாம் ஆண்டு. நீரோ கி.பி. 54 அக்டோபரில் வந்தார், அவருடைய முதலாம் ஆண்டு பத்து மாதத்துக்கு மேல் ஓடியது. வெஸ்பாசியன் பேரரசர் என்று அலெக்சாந்திரியாவில் அறிவித்தது 69 ஜூலை 1. அவருடைய முதலாம் ஆண்டுக்கு இரண்டு மாத ஆயுள்கூட இல்லை.

இந்தக் கணக்கு சூடுபிடிப்பது நீரோ இறந்த பிறகுதான். 68 ஜூனில் கல்பா வருகிறார், 69 ஜனவரியில் கொல்லப்படுகிறார். ஆண்டது ஏழு மாதம்; நடுவில் ஆகஸ்ட் 29 வந்துவிட்டதால் அவர் காசில் முதலாம் ஆண்டும் உண்டு, இரண்டாம் ஆண்டும் உண்டு. அவருக்குப் பின் ஓதோ, விட்டெல்லியஸ், வெஸ்பாசியன் மூவரும் அதே எகிப்திய ஆண்டுக்குள் ஆளுக்கொரு 'முதலாம் ஆண்டு' போட்டுக்கொண்டார்கள்.

கல்பாவின் காசுகளை அருகில் வைத்துப் பார்ப்பது தனிச் சுவை. முதலாம் ஆண்டுக் காசில் அவர் பெயர் 'லூகியஸ் லிவியஸ் கல்பா'. தத்துப் போனதால் வந்த பெயர் அது. பேரரசரானதும் அதை விட்டுவிட்டு 'செர்வியஸ்' என்று மாற்றிக்கொண்டார். அந்தச் செய்தி கடல் தாண்டி வந்த பிறகு அடித்த காசுகளில்தான் செர்வியஸைப் பார்க்கிறோம். பின்பக்கத்திலோ, தூணில் சாய்ந்து நிற்கும் விடுதலைத் தேவி எலெயுதேரியா. கல்பா போய் ஓதோ வந்தும் அந்தத் தேவி இடம் மாறவில்லை. அக்கசாலைக்காரர்களுக்குத் தலையை மாற்றவே நேரம் சரியாக இருந்திருக்கும்!

எகிப்துக்கென்று ஏன் தனிக் காசு? அங்கே வெளிக்காசு செல்லாது. உள்ளே வருகிறவர் தன் பணத்தைக் கொடுத்து டெட்ராட்ராக்ம் வாங்கித்தான் புழங்க வேண்டும். மதிப்பு ஒரு தெனாரியஸ், அதாவது ரோமின் வழக்கமான வெள்ளிக்காசு ஒன்று. நீரோ காலத்தில் அதில் வெள்ளி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு, மீதி பெரும்பாலும் செம்பு. உலோகத்தைவிடக் காசுக்கு மதிப்பு அதிகம் என்பதால் எகிப்துக்கு வெளியே அதை யாரும் சீந்த மாட்டார்கள். யவனக் கப்பல்கள் எகிப்தின் செங்கடல் துறைகளிலிருந்தே தென்னிந்தியாவுக்கு வந்தும், கொங்குப் பகுதிப் புதையல்களில் குவிந்திருப்பவை அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்துத் தெனாரியஸ்கள்தான். காரணம் இதுவே. டயோக்ளீஷியன் 296-ஐ ஒட்டி எகிப்தையும் பொதுக் காசுக்குள் கொண்டுவந்ததோடு இந்தத் தனி வரிசை முடிந்தது.

சேகரிக்க நினைப்பவர்கள் நீரோவின் பத்தாம் ஆண்டு முதல் பதினான்காம் ஆண்டு வரையானவற்றில் தொடங்கலாம். அப்போது அடித்துத் தள்ளியிருக்கிறார்கள், விலை குறைவு. ஓதோவும் விட்டெல்லியஸும் அரிது. அரிது என்றால் போலியும் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், காசு எந்தக் கையிலிருந்து வருகிறது என்பது. 1983 சட்டப்படி எகிப்தில் தொல்பொருள் வியாபாரத்துக்கே தடை. காசு முன்பு யாரிடம் இருந்தது என்று அறியக் கைகொடுப்பவர், கெய்ரோவில் வாழ்ந்த காசு சேகரிப்பாளர் ஜொவான்னி தத்தாரி. ஆயிரக்கணக்கில் சேர்த்த இவர், தன் பட்டியலை 1901-இல் வெளியிட்டார். காசுகள்மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்த படிகளையும் விட்டுப்போனார். சுத்தியலால் அடித்த காசில் ஓரம் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாகப் பிதுங்கியிருக்கும். ஏலத்துக்கு வரும் காசின் ஓரம் தத்தாரியின் படியோடு பொருந்தினால், நூறாண்டுக்கு முன்பே அது அவரிடம் இருந்தது என்று உறுதியாகச் சொல்லிவிடலாம்.