வலி போனதும் மைதானத்துக்கு ஓடாதீர்கள்

"வலி சுத்தமா இல்லை. சனிக்கிழமை மேட்ச் ஆடட்டுமா?"

தொடையின் பின்பக்கத் தசை கிழிந்து என்னிடம் சிகிச்சைக்கு வரும் கால்பந்து வீரர்கள் பத்தாவது நாளே இதைக் கேட்டுவிடுவார்கள். பிசியோதெரபிஸ்டாக நான் அதிகம் பயப்படுவது இந்தக் கேள்விக்குத்தான்.

தொடையின் பின்பக்கத்தில் இருக்கும் இந்த ஹாம்ஸ்ட்ரிங் என்பது மூன்று தசைகளின் கூட்டம். முழு வேகத்தில் ஓடும்போது முன்னால் வீசிய காலை, அது தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு இழுத்துப் பிடிப்பவை இவை. நீண்டுகொண்டே பலமும் கொடுக்க வேண்டிய அந்த நேரத்தில்தான் பெரும்பாலும் கிழிகிறது. நடக்கும்போதும் மெதுவாக ஓடும்போதும் இந்தச் சுமை வருவதே இல்லை. அப்புறம் வலி எப்படித் தெரியும்? ஆறியும் ஆறாமலும் இருக்கும் தசையோடு ஸ்பிரிண்ட் போனால் அதே இடம் மறுபடி கிழியும். இரண்டாம் முறை பெரும்பாலும் இன்னும் அதிக நாள் வெளியே உட்கார வேண்டிவரும்.

இங்கிலாந்து கால்பந்து வீரர் மைக்கேல் ஓவனுக்கு 1999 ஏப்ரலில், லீட்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் ஹாம்ஸ்ட்ரிங் கிழிந்தபோது வயது 19. 2001-இல், ஆண்டின் சிறந்த கால்பந்து வீரருக்கான பாலன் டி'ஓர் விருதே வாங்கினார். ஆனாலும் அந்தக் காயத்துக்குப் பிறகு தான் பழைய ஆட்டக்காரர் இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். ஐரோப்பாவின் பெரிய கிளப்களில் 2001 முதல் நடக்கும் ஆய்வில், மொத்தக் காயங்களில் ஹாம்ஸ்ட்ரிங்கின் பங்கு 21 சீசன்களில் 12 சதவீதத்திலிருந்து 24 ஆகிவிட்டது. ஸ்கேனும் மருத்துவரும் பக்கத்திலேயே இருக்கும் கிளப்கள் அவை!

சரி, எப்போது ஆட விடுவேன்? இரண்டு கால்களின் பலமும் ஏறக்குறைய சமமாக வேண்டும். பயிற்சியில் பல நாள் முழு வேக ஓட்டம் பயமில்லாமல் ஓடியிருக்க வேண்டும். நாட்காட்டியை மட்டும் பார்த்து நான் அனுப்புவதில்லை.

காயம் வராமல் காக்க நார்டிக் பயிற்சி இருக்கிறது. முழங்காலிட்டு, கணுக்காலை ஒருவர் அழுத்திப் பிடிக்க, உடம்பை நேராக வைத்து மெல்ல மெல்ல முன்னால் சாய வேண்டும். கருவி எதுவும் வேண்டாம். இதைத் தொடர்ந்து செய்த அணிகளில் இந்தக் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கிறது. முதல் வாரங்களில் தொடை வலிக்கும், பலரும் அதோடு விட்டுவிடுகிறார்கள். ஐந்தாறு முறையில் தொடங்கி மெதுவாகக் கூட்டுங்கள்.

ஓடும்போது 'டப்' என்று விட்டது போலிருந்து, தொடையில் ரத்தம் கட்டிக் கருத்தால், எண்ணெய் போட்டு நீவாதீர்கள். அன்றைக்கே காட்டுங்கள்.