கல்லு தெரியணும்னு காரையை உரிக்காதீங்க

பழைய கல் கட்டடங்களை ரிப்பேர் பண்றதுதான் என் தொழில், பெரும்பாலும் ஐரோப்பாவுல சின்னச் சின்ன ஊர் சர்ச்சுங்க. எந்த ஊருக்குப் போனாலும் முதல் மீட்டிங்லயே ஒருத்தர் கேட்டுடுவார், "இந்தப் பூச்சை எல்லாம் உரிச்சுட்டு உள்ள இருக்கற கல்லைக் காட்டலாமே சார், அதுதானே ஒரிஜினல்?"னு. இல்லங்க. பெரும்பாலும் அந்தப் பூச்சுதான் ஒரிஜினல்.

இதுக்கு நான் எப்பவும் காட்டறது ஸ்பெயின்ல பிரனீஸ் மலைக்குள்ள, கட்டலோனியாவோட வால் தெ போயி பள்ளத்தாக்குல இருக்கற சான்ட் ஜோவான்ங்கற சர்ச்தான். அந்தப் பள்ளத்தாக்குல ஒன்பது சர்ச்சுகள் 2000ல யுனெஸ்கோ லிஸ்ட்ல சேர்ந்துச்சு, போட்டோல எல்லாரும் பார்க்கறது தாவுல் ஊரோட சான்ட் கிளிமென்ட்டைத்தான், அது 1123ல அர்ப்பணிச்சது. சான்ட் ஜோவான் அதுக்கும் முந்தினது, 11ஆம் நூற்றாண்டு வேலை இன்னும் நிறைய மிச்சம் இருக்கு.

ரோமனெஸ்க்ங்கறது ஐரோப்பாவோட ஒரு இடைக்காலக் கட்டடப் பாணி, அதோட இந்த ஆரம்பகால வடிவத்துக்கு 'முதல் ரோமனெஸ்க்'னு பேர் வச்சவர் ஜுசெப் புச் இ கதஃபால்க்ங்கற ஆர்க்கிடெக்ட். 1907ல ஒரு குழுவா இந்த மலைப்பக்கம் வந்து சர்ச் சர்ச்சா படம் எடுத்து அளந்துட்டுப் போனாங்க, அதுல அவரும் ஒருத்தர். அந்தப் பாணில சிற்பம் ரொம்பக் கம்மி, கல்லையும் செதுக்கி வழவழப்பாக்கல, சுத்தியலால தட்டி ஓரளவு சதுரமாக்கி வரிசையா அடுக்கியிருக்காங்க, அவ்வளவுதான். சுவருக்கு வெளியே லேசா துருத்திக்கிட்டு நிக்கற ஒல்லிப் பட்டைகள், மேல கூரைக்குக் கீழ அதுகளை இணைக்கற குட்டிக் குட்டி வளைவுகள், இதுக்கு லொம்பார்டு பட்டைன்னு பேரு. செலவில்லாம வெயிலையும் நிழலையும் வச்சே பண்ணின அலங்காரம்! எனக்குக் கேட்டா இதுக்கு மேல அழகு தேவையில்ல. சான்ட் ஜோவானுக்கு உள்ள மூணு பத்தியா பிரிச்ச நீள ஹால், மேல மரக்கூரை.

சுவரை வெட்டிப் பார்த்தா அது ஒரே கல் இல்ல, சாண்ட்விச் மாதிரி. வெளிப்பக்கம் ஒரு வரிசை, உள்பக்கம் ஒரு வரிசை, நடுவுல துண்டுக்கல்லும் சுண்ணாம்புக் காரையும் போட்டு நிரப்பினது. அதுக்கு மேல சுண்ணாம்புப் பூச்சு, பூச்சு மேல கலர். உள்ள மட்டும் இல்ல, வெளியவும்தான். சான்ட் ஜோவானை கடைசியா ரெஸ்டோர் பண்ணப்ப அந்தக் காலத்துல எப்படி இருந்திருக்கும்னு காட்டத்தான் பூசி, வாசல் பக்கம் ஓவியமும் வரைஞ்சு வச்சாங்க. பார்க்கறவங்க பாதிப் பேர் "ஐயோ புதுசாக்கிட்டாங்களே"ன்னு சலிச்சுக்கறாங்க, என்ன பண்ண.

உள்ள இருந்த ஓவியங்கள் வேற கதை. மூர்ங்கற ஊர் சர்ச்சோட ஓவியத்தை சுவர்லேர்ந்து பிரிச்சு வித்து, கடைசில அது அமெரிக்காவுல பாஸ்டன் மியூசியத்துக்கே போயிடுச்சு. இந்தப் பள்ளத்தாக்குல இருக்கறதும் அப்படிப் போயிடும்னு பயந்து 1919லேர்ந்து 1923 வரைக்கும் பார்சிலோனா மியூசியம் இத்தாலிக்கார டெக்னீஷியன்களை வரவழைச்சு அந்த ஓவியங்களை எடுத்துட்டாங்க. ஓவியத்து மேல துணியை மிருகப் பசையால ஒட்டி, பசை காஞ்சு சுருங்கும்போது பெயிண்ட் படலத்தை துணியோட உரிச்சு எடுக்கறது, ஸ்ட்ராப்போன்னு சொல்வாங்க. ஓவியம் தப்பிச்சுச்சு, சுவர் மொட்டையாச்சு. சான்ட் ஜோவான் ஓவியத்துல இருந்த வித்தைக்காரங்களும், கல்லடி படற புனித ஸ்டீபனும் இப்ப பார்சிலோனாவுல, ஊர்ல இருக்கறது காப்பிதான்.

மொட்டைச் சுவர்தான் பழமைங்கற நினைப்பு 19ஆம் நூற்றாண்டு ரசனை. அப்பவே எதிர்ப்பும் இருந்துச்சு, இங்கிலாந்துல வில்லியம் மோரிஸ்ங்கற டிசைனர் பழைய கட்டடங்களைக் காப்பாத்த 1877ல சங்கமே ஆரம்பிச்சார், ஆண்டி-ஸ்க்ரேப்னு பட்டப்பேர் வேற, அதாவது சுரண்டாதே கட்சி.

ரசனையை விடுங்க, எனக்கு பயம் ஈரத்தாலதான். தரையிலேர்ந்து ஏறற ஈரம் சுண்ணாம்பு வழியா வெளிய போயிடும், சுண்ணாம்பு கல்லை விட மெத்துனு இருக்கறதால உப்பும் பனியும் முதல்ல அதைத்தான் தின்னும், அதைத் திரும்பப் பூசிக்கலாம், கல்லைத் திரும்ப வைக்க முடியாது. பூச்சை உரிச்சுட்டு இடுக்குல சிமெண்ட் பாயிண்டிங் போட்டா அந்த வழி அடைச்சுப்போகும், ஈரம் கல்லு வழியாத்தான் வரும், அங்கேயே உப்பு பூக்கும், குளிர்ல தண்ணி உறைஞ்சா 9% வரைக்கும் வீங்கும், கல்லு செதில் செதிலா உதிரும்.

ஒரு ஊர்ல (பேர் வேண்டாம்) இருபது வருஷம் முன்னாடி யாரோ நல்ல மனசோட சிமெண்ட் அடிச்சிருந்தாங்க. நான் போனப்ப கல்லு உள்வாங்கி, சிமெண்ட் கோடு மட்டும் தேன்கூடு மாதிரி நீட்டிக்கிட்டு நின்னுச்சு, கீழ தரையில குப்பலா கல்தூள். மெஷின் வைக்க முடியாது, உளியை வச்சு கையாலதான் எடுத்தோம், சில இடத்துல சிமெண்ட்டை இழுத்தா கல்லும் சேர்ந்து வந்துடும்னு அப்படியே விட்டுட்டோம். அந்த வடக்குச் சுவர்ல இன்னும் ரெண்டு மீட்டருக்கு அது இருக்கு.