நீஷ்: இடைவெளியா, மாடமா?

ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரைகளை வரிசையாகப் படித்தால் ஒரே ஓசை திரும்பத் திரும்பக் கேட்கும். “அண்மைக் காலத்தில் பெரிதும் கவனம் பெற்றுவரும் துறை” என்று ஒன்று தொடங்கும். “இதுகுறித்து அறிஞர் பலர் ஆராய்ந்துள்ளனர்” என்று தொடரும். பிறகு ஓர் “எனினும்” வந்து நிற்கும். “எனினும், இக்கூறு இதுவரை விரிவாக ஆராயப்படவில்லை.” அடுத்த வரியிலேயே “அக்குறையை நிறைவுசெய்யும் நோக்கில் இக்கட்டுரை அமைகிறது” என்று முடிச்சு விழும்.

அந்த “எனினும்” நிற்கும் இடத்துக்கு ஆங்கிலத்தில் நீஷ் (niche) என்று பெயர். நிட்ச் என்று ஒலிப்பவர்களும் உண்டு. தமிழில் இதை “ஆய்வு இடைவெளி” என்றே எழுதிவருகிறோம். அது பொருந்தாத பெயர் என்பது என் உறுதியான கருத்து.

இச்சொல்லை ஆய்வெழுத்து பற்றிய படிப்புக்குக் கொண்டுவந்தவர் மொழியியலாளர் ஜான் சுவேல்ஸ். லிபியாவிலும் சூடானிலும் ஆங்கிலம் கற்பித்தவர். வேற்று மொழிக்காரர்கள் ஆங்கிலத்தில் ஆய்வு எழுதப் படும் பாட்டை அருகிருந்து பார்த்தவர். 1981இல், இங்கிலாந்தின் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 48 கட்டுரைகளின் முன்னுரைகளை மட்டும் எடுத்துப் பிரித்துப் பார்த்தார். வாக்கியமாகவோ பத்தியாகவோ பிரிக்காமல், எழுதுபவர் அந்தப் பகுதியால் எதைச் சாதிக்கிறார் என்று கேட்டுப் பிரித்தார். அப்படிக் கிடைத்த ஒவ்வொரு துண்டையும் ‘மூவ்’ என்றார். தமிழில் ‘நகர்வு’ என்பது இதற்கு நன்றாகவே பொருந்துகிறது. சதுரங்கக் காயைப் போல, ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு நோக்கம் இருக்கிறது.

முதலில் நான்கு நகர்வுகள் சொன்னவர், 1990இல் மூன்றாகச் சுருக்கினார். களத்தை நிறுவுவது முதலாவது. அந்தக் களத்துக்குள் ஒரு நீஷ் அமைப்பது இரண்டாவது. அதில் தாமே போய் அமர்வது மூன்றாவது. இந்த மாதிரிக்கு ‘ஆய்வுக்கு இடம் உண்டாக்குதல்’ என்று பொருள்படும் பெயரையும் கொடுத்தார்.

இனி சொல்லின் பிறப்பு. நீஷ் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. சிலையோ குடுவையோ வைப்பதற்காகச் சுவரில் குடைந்த குழிவைக் குறித்தது. கூடு கட்டுதல் என்ற பொருளுடைய பழைய பிரெஞ்சு வினையிலிருந்தும், அதற்கு முன் கூட்டைக் குறிக்கும் இலத்தீன் ‘நீடுஸ்’ என்பதிலிருந்தும் வந்தது என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். அடியில் இருப்பது ஒரு பறவைக்கூடு.

வியப்பு என்னவென்றால், அறிவியலிலும் இச்சொல் ஒரு பறவையோடுதான் வேரூன்றியது. 1917இல் ஜோசப் கிரின்னெல் என்ற உயிரியலாளர், கலிபோர்னியாவின் புதர்க்காடுகளில் வாழும் த்ராஷர் பறவையைப் பற்றி எழுதினார். வளைந்த நீண்ட அலகால் புதரடியில் தரையைக் கிளறி இரை தேடும் பறவை அது. அது ஏன் அங்கே மட்டும் வாழ்கிறது என்று விளக்கும்போது, அதன் வாழ்நிலைக்கு நீஷ் என்ற சொல்லை ஆண்டார். ஒரே நிலத்து உயிர்களில் இரண்டு இனங்களுக்கு முற்றிலும் ஒரே நீஷ் இராது என்றும் சொன்னார். 1927இல் சார்லஸ் எல்டன், உணவுத் தொடர்பில் ஓர் உயிர் வகிக்கும் பங்கு என்று பொருளை நகர்த்தினார். சுவேல்ஸ் கைக்கொண்டது இந்தச் சூழலியல் உருவகத்தைத்தான். நெருக்கமான காட்டில் இடத்துக்குப் போட்டியிடும் உயிர்களைப் போல, ஆய்வாளரும் தமக்கான இடத்தைப் பெற வேண்டியிருக்கிறது.

இப்போது ‘இடைவெளி’க்கு வருவோம். நீஷ் அமைக்க நான்கு வழிகளை 1990ஆம் ஆண்டின் மாதிரி காட்டுகிறது: முந்தையோர் கூற்றை மறுப்பது, இடைவெளியைச் சுட்டுவது, கேள்வி எழுப்புவது, ஒரு மரபைத் தொடர்வது. இடைவெளி இந்த நான்கில் ஒன்று மட்டுமே. பகுதியின் பெயரை முழுமைக்கு வைத்துவிட்டோம். இது வெறும் சொற்சிக்கலாக நின்றுவிடவில்லை. “இடைவெளியைக் காட்டு” என்று கேட்கப்படும் மாணவர், நல்ல மறுப்பு ஒன்று கையில் இருந்தும், “இதுவரை எவரும் ஆராயவில்லை” என்று எழுதிவிடுகிறார். பல நேரங்களில் அது உண்மையாகவும் இருப்பதில்லை.

நான்காம் வழி நமக்குப் பழக்கமானது. முன்னுரைக்கு நம் மரபு தந்த பெயர் பாயிரம். அது சொல்ல வேண்டியவை என நன்னூல் எட்டுப் பொருள்களை அடுக்குகிறது: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். இரண்டாவதாக நிற்கும் ‘வழி’, இந்நூல் எதன் வழியில் வருகிறது என்று சொல்வது. தொல்காப்பியப் பாயிரமும் அதன் ஆசிரியரை “முந்துநூல் கண்டு முறைப்பட எண்ணி” என்றே அறிமுகம் செய்கிறது. அங்கே முன்னோரின் குறை பேசப்படவில்லை. முன்னோரைக் கண்டதும் எண்ணியதுமே புதிய நூலுக்கான இடத்தைத் தந்துவிடுகின்றன.

எனவே நீஷுக்கு நான் முன்வைக்கும் சொல் ‘மாடம்’. பழைய வீட்டுச் சுவரில் விளக்கு வைக்கும் குழிவை விளக்குமாடம், மாடக்குழி, மாடப்பிறை என்றெல்லாம் சொல்கிறோம். மாடங்களில் கூடு கட்டும் புறா மாடப்புறா. நீஷின் அடியில் இருக்கும் கூடு தமிழிலும் தானாக வந்து சேர்கிறது. கோயிற்கலையில் சிலைக்கான சுவர்க்குழிவுக்கு வழங்கும் ‘கோட்டம்’ என்ற சொல்லையும் எண்ணிப் பார்த்தேன். விமானத்தின் தென்சுவர்க் கோட்டத்தில் தட்சிணாமூர்த்தி அமர்ந்திருப்பது அழகான படிமம்தான். ஆனால் கோட்டம் என்றால் வளைவு, நிர்வாகப் பிரிவு எனப் பல பொருள்கள் குறுக்கிடும். மாடத்துக்கும் மாளிகை, மேல்தளம் என்ற பொருள்கள் உண்டு. ‘ஆய்வு மாடம்’ என்று அடைகொடுத்து எழுதினால் அந்தக் குழப்பம் எழாது.

இடைவெளி என்ற சொல்லைக் கைவிட வேண்டியதில்லை. அது உண்மையாகவே இருக்கும் இடத்தில் அதையே எழுதலாம். மற்ற இடங்களில் “இவ்வாய்வின் மாடம், முந்தைய முடிவொன்றை மறுபரிசீலனை செய்வது” என்றோ, “முன்னோர் தொடங்கிய தொகுப்புப் பணியை அடுத்த நூற்றாண்டுக்கு நீட்டுவது” என்றோ எழுதலாம்.